முடியல என்ற ஒரு சொல்

எங்கள் பகுதியில் முதியவர்கள் நோயைப் பற்றி நிறையப் பேசுவதில்லை. ராயபுரத்தில் தொடங்கிக் காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் இந்தக் கடலோரத் தெருக்களில், வாசற்படியில் குந்தியிருக்கும் பெரியவர் ஒருவரிடம் "எப்படி இருக்கீங்க தாத்தா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே சொல்தான் பதிலாக வரும்: "முடியல." அதற்கு மேல் அவர் விளக்குவதில்லை, கேட்டவரும் துருவுவதில்லை. எழுந்து நிற்க முடியவில்லையா, இரவில் உறங்க முடியவில்லையா, விடிந்த பொழுதை அடையும்வரை கடத்த முடியவில்லையா என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே புதைந்துவிடுகிறது. "வயசாயிடுச்சு இல்ல" என்று நாம் சொல்லி நகர்ந்துவிடுவோம்.

எழுத்துத் தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. உடம்புக்குத் தள்ளாமை, மனத்துக்குச் சோர்வு. பேச்சுத் தமிழ் அப்படிப் பிரிப்பதில்லை. பேச்சுத் தமிழின் பக்கம்தான் உண்மை இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்கும் காதுகள் மட்டும் பிரிந்தே கிடக்கின்றன. மருத்துவர் முழங்காலைக் கேட்கிறார். வீட்டார் வயதைக் கேட்கிறார்கள். மனத்தைக் கேட்பதற்கு ஆளில்லை.

இது எங்கள் தெருவின் குறை மட்டுமன்று. 2017-18இல் நாடு முழுவதும், 45 வயதைக் கடந்த 72,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட இந்திய முதுமை ஆய்வு ஒரு கணக்கைத் தருகிறது. அறுபது வயதைக் கடந்தவர்களில் 8.3 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு நோய்க்கான அறிகுறிகள் காணப்பட்டன. தமக்கு அந்நோய் இருப்பதாக மருத்துவர் கண்டு சொன்னதாகத் தெரிவித்தவர்களோ 0.8 விழுக்காட்டினர்தாம். பத்துக்கு ஒன்று. மற்ற ஒன்பது பங்கும் "முடியல" என்ற சொல்லோடு வீட்டு மூலையில் இருக்கின்றன.

*

தள்ளாமையை முதுமையின் இயல்பு என்று மட்டும் சொல்லிவிடாமல், அளந்து பார்க்கத்தக்க ஒரு நிலையாக மருத்துவம் கருதத் தொடங்கி நெடுங்காலம் ஆகவில்லை. 2001இல் லிண்டா ஃப்ரீட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் அதற்கு ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள்: முயலாமலே ஓராண்டில் ஏறத்தாழ நாலரைக் கிலோ எடை குறைதல், கைப்பிடி வலு குன்றுதல், நடை மெதுவாதல், அன்றாட நடமாட்டம் சுருங்குதல், களைப்பு. இவற்றில் மூன்று இருந்தால் தள்ளாமை. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் வாசலில் நிற்கிறார் என்று பொருள்.

எடைக்குத் தராசு இருக்கிறது. பிடிக்கு ஒரு கருவி உண்டு. நடைக்கு 15 அடித் தரையும் ஒரு கடிகாரமும் போதும். களைப்பை எதைக்கொண்டு அளப்பது? மனச்சோர்வைக் கண்டறிய 1977இல் வெளிவந்த ஒரு வினாப்பட்டியலிலிருந்து இரண்டு வினாக்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எந்த வேலையும் பெரும்பாடாகத் தோன்றியதா, எதையும் தொடங்கவே இயலாமல் இருந்ததா என்பவைதாம் அவை. உடம்பின் தளர்ச்சியை அளக்கப் போனவர்கள் மனத்தின் படிக்கல்லைக் கடன் வாங்க வேண்டியிருந்தது.

மறுபக்கத்திலும் இதே கதைதான். முதியோருக்கென்றே 1980களின் தொடக்கத்தில் ஒரு மனச்சோர்வு வினாப்பட்டியல் உருவாயிற்று. பசி, தூக்கம் போன்ற உடல் சார்ந்த வினாக்கள் முதுமையில் குழப்பம் தரும் என்று அவற்றை ஒதுக்கிவிட்டே அதை அமைத்தார்கள். அப்படியும், வெளியே போவதைவிட வீட்டிலிருப்பதே பிடிக்கிறதா, உடம்பு நிறையத் தெம்பு இருப்பதாக உணர்கிறீர்களா என்னும் வினாக்கள் அதில் உண்டு. குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில், இரண்டு முழங்காலும் வீங்கிய ஒருவர் இவற்றுக்கு வேறெப்படி விடை சொல்வார்?

இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிடவும் கூடாது. தள்ளாடும் உடம்போடு தெருவையே சிரிக்க வைக்கும் கிழவிகளை நாங்கள் அறிவோம். திடகாத்திரமான உடம்போடு உள்ளே ஒடிந்துபோனவர்களையும் அறிவோம். ஆனால் ஒன்று வந்தவருக்கு மற்றது வரும் வாய்ப்பு கூடுகிறது. பல நாடுகளில் ஆண்டுக்கணக்கில் முதியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் இதை இரு திசையிலும் காட்டியிருக்கின்றன. வழியும் புரியாததன்று. மனம் சோர்ந்தவருக்குச் சோறு இறங்குவதில்லை. உண்ணாமலும் நடக்காமலும் தசை கரைகிறது. தசை கரைந்ததும் கால் தடுமாறுகிறது. ஒருமுறை விழுந்தபின் அச்சம் வருகிறது. அச்சம் வாசற்படியை மூடுகிறது. மனிதர் முகம் பாராத நாள்கள் மனத்தை மேலும் கீழே இழுக்கின்றன. இந்தச் செக்குக்கு இன்னதுதான் தொடக்கம் என்று கிடையாது. எந்த இடத்திலும் தொடங்கும்.

*

வடசென்னையில் இது வேறொரு கனத்தோடு வருகிறது. இங்கே உடம்புதான் முதல். அதுவே பெயரும் பெருமையும். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், வின்ச்சு இழுத்தவர்கள், பின்னி ஆலையில் தறியோட்டியவர்கள், திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளில் ரப்பரோடும் இரும்போடும் மல்லுக்கட்டியவர்கள், கட்டுமரமும் விசைப்படகும் செலுத்தியவர்கள் என எல்லோரையும் அடையாளம் காட்டியது அவர்களுடைய தோள்தான். சென்னைத் துறைமுகத்தில் 1983 டிசம்பரில் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. தோள் செய்த வேலையைப் பெட்டியும் கிரேனும் மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டன. பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. அன்று இருபத்தைந்து, முப்பது வயதிலிருந்தவர்கள் இன்று எங்கள் வாசற்படிகளில் இருக்கிறார்கள். கயிறும் சாக்கும் தேய்த்த அவர்களுடைய விரல்களை ரேசன் கடையின் கைரேகைக் கருவி சில நேரங்களில் அடையாளம் காண மறுக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். துறைமுகத்தில் வின்ச்சு ஓட்டியவர். கை குலுக்கினால் நம் விரல்கள் நொறுங்கும். முழங்கால் வீங்கத் தொடங்கியதும் பிள்ளைகள் நல்ல கட்டில் வாங்கிப் போட்டார்கள். எதிரே தொலைக்காட்சி வைத்தார்கள். "நைனா, நீ குந்து, நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். விடியலில் பால் வாங்கப் போவது அவர் வேலையாக இருந்தது. அதைப் பேரன் வண்டியில் போய் முடித்தான். பாலோடு டீக்கடையும், டீக்கடையோடு செய்தித்தாளும், செய்தித்தாளோடு நான்கு பேரிடம் போடும் சண்டையும் போயின. சில மாதங்களில் அவர் முகம் மழிப்பதை நிறுத்தினார். பிறகு தொலைக்காட்சியையும் பார்க்கவில்லை; அது ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பெரியவரைப் பிள்ளைகள் ராஜா மாதிரி வைத்திருக்கிறார்கள் என்று தெரு மெச்சியது. அந்த மெச்சலில் பொய்யில்லை. நாற்பது ஆண்டு உழைத்த உடம்புக்கு ஓய்வு தருவதைவிடப் பெரிய மரியாதை எங்கள் பகுதிக்குத் தெரியாது.

ஆனால் முதிய உடம்புக்கு ஓய்வு என்பது வேறொன்று. 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோயில்லாத பன்னிரண்டு முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். பத்தே நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. இளைஞன் ஒருவன் படுத்தெழுந்தால் அதை விரைவில் மீட்டுக்கொள்வான். எழுபது வயதில் அது எளிதன்று. அன்பினால் போடப்பட்ட கட்டிலும் கட்டில்தான்.

*

பெண்கள் கதை கொஞ்சம் வேறு. காசிமேட்டில் விடியுமுன் ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் ஏற்றித் தெருத்தெருவாக மீன் விற்ற ஆயாக்களுக்கு ஓய்வு என்ற சொல்லே கிடையாது. ஆகவே ஒருநாள் நின்றுபோவதும் அவர்களுக்கு ஓய்வாக வருவதில்லை. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தோ, கண்ணில் புரை விழுந்தோ, கணவர் போனபின் கால் எழாமலோ வருகிறது. மனம் சரியில்லை என்று அவர்கள் ஒருபோதும் சொல்வதில்லை. உள்ளங்கால் எரிகிறது, நெஞ்சு படபடக்கிறது, தலை கிறுகிறுக்கிறது என்பார்கள். இரத்தம் எடுத்து, ஈ.சி.ஜி. பார்த்து, "ஒண்ணும் இல்லம்மா" என்று அனுப்பப்படுவார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்ட நோயோடு திரும்பி வருவதைப்போலத் தனிமை வேறில்லை.

உண்மையாகவே ஏதேனும் இருக்கவும் கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். இரத்தசோகை, தைராய்டு சுரப்புக் குறைவு, பி12 வைட்டமின் பற்றாக்குறை, கேட்காத காது, தெரியாத கண், ஒன்றோடொன்று மோதும் மாத்திரைகள் ஆகிய எல்லாமே உடம்பையும் மனத்தையும் ஒருசேரச் சாய்ப்பவை; பெரும்பாலும் சரிசெய்யக் கூடியவை. உணவும் அப்படித்தான். மீன் விற்கும் வீட்டிலேயே கிழவிக்குக் குழம்பும், பிள்ளைகளுக்குத் துண்டும் போகும். பல் போனபின் கஞ்சி, இட்லி, டீயில் தோய்த்த பன் என்று நாள் கழியும். முதுமையில் புரதத் தேவை குறைவதில்லை, கூடுகிறது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று 2013இல் வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு, அந்த மீன் துண்டு தட்டு மாறினாலே பாதித் தொலைவு கடந்தாயிற்று.

*

வெளியே போங்கள், நடங்கள் என்று அறிவுரை சொல்வது எளிது. எங்கே நடப்பது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகம் கட்டப்பட்டபின் அதன் தெற்கே மணல் சேர்ந்தது, மெரீனா அகன்றது. வடக்கே கடல் கரையைத் தின்றது. அலையைத் தடுக்க ராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிக் கருங்கற்களைக் கொட்டினார்கள். தெற்கே முதியவர்கள் காலையில் மணலோரம் காற்று வாங்கி நடக்கிறார்கள். எங்கள் முதியவர்கள் கல்லுக்கு அப்பால் ஒலியாக மட்டும் கடலை அறிகிறார்கள். தெருவின் இன்னொரு முனையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஊன்றுகோலோடு அந்தச் சாலையைக் கடப்பது ஒரு துணிச்சல்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்குள் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். அப்படி ஓடவேண்டிய இரவில், ஓட முடியாதவர் தம் உடம்பைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்கிறார்: தம்மால் மற்றவர்களும் தாமதமாகிறார்கள் என்பதை. "நான் பாரமாயிட்டேன்" என்னும் எண்ணம் முதியோர் மனச்சோர்வின் நடுப்புள்ளி. எங்கள் பகுதியில் அதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. காற்றே கொண்டுவந்து கொடுக்கிறது.

*

இன்னொரு திரையும் உண்டு. அது எங்கள் மரபு தந்தது. திருவொற்றியூர்க் கடலோரத்தில் பட்டினத்தாரின் சமாதி இருக்கிறது. உடம்பு பொய், உறவு பொய் என்னும் குரல் இந்த ஊரின் உப்புக்காற்றில் கலந்தது. அதனால் ஒரு முதியவர் "போதும், சாமி கூப்பிட்டுக்கிட்டா தேவலை" என்று சொல்லும்போது நமக்கு அது பக்குவமாகக் கேட்கிறது. சில நேரம் பக்குவமாகவும் இருக்கலாம். துறந்தவர் கையிலிருப்பதை விடுகிறார். விட்டபின் முகம் தெளிகிறது. சோர்ந்தவருக்குப் பிடித்தது எதுவும் பிடிக்காமல் போகிறது. பேரக் குழந்தை மடியில் வந்து விழுந்தாலும் முகம் மலர்வதில்லை. இந்த வேறுபாட்டைக் காண மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். போய்விட்டால் நல்லது என்ற பேச்சு திரும்பத் திரும்ப வந்தால் அதை வேதாந்தமாக எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் 2022 அக்டோபரிலிருந்து இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கிறது.

அதே திருவொற்றியூரில் இன்னொரு கதையும் இருக்கிறது. பெரியபுராணத்தில் சுந்தரர், சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சூளுரைத்து மணந்தவர், ஆரூர் நினைவு வந்து ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்ணும் இழக்கிறார். வழியில் திருவெண்பாக்கத்தில் அவருக்கு ஓர் ஊன்றுகோல் கிடைக்கிறது. காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மறுகண். சுந்தரர் முதியவரல்லர், இது முதுமைக் கதையும் அன்று. ஆனால் அதன் வரிசை எங்களைச் சிந்திக்க வைக்கிறது. கேட்டது கண், முதலில் கிடைத்தது கோல். அந்தக் கோலை ஊன்றி நடந்ததால்தான் காஞ்சிக்கு வர முடிந்தது. எங்கள் தெருப் பெரியவர்கள் ஊன்றுகோலை அவமானமாக நினைத்து மூலையில் சாத்துகிறார்கள். பழைய தோளைத் திருப்பிக் கொடு என்பதே அவர்கள் கேட்பது. அது வராது. கோல் வரும், கோலோடு தெருமுனை வரும், தெருமுனையோடு மனிதர்கள் வருவார்கள்.

*

இது வெறும் ஆறுதல் வார்த்தையன்று. 1990இல் பாஸ்டன் நகர் முதியோர் இல்லம் ஒன்றில், 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். முடித்த ஒன்பது பேரின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது. தொண்ணூறிலும் தசை பதில் சொல்கிறது. மனத்தின் பக்கமிருந்து கோவாவில் ஒரு முயற்சி நடந்தது. மனச்சோர்வின் தொடக்க அறிகுறிகள் உள்ள 181 முதியவர்களில் பாதிப் பேருக்கு, மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் வீடு தேடிச் சென்று, அன்றாடச் சிக்கல்களை ஒவ்வொன்றாகத் தீர்க்கவும் நன்றாக உறங்கவும் வழி காட்டினார்கள். 2019இல் வெளியான அதன் முடிவுப்படி, ஓராண்டில் முழு நோயாக மாறியது அவர்களில் 4.4 விழுக்காட்டினருக்கு; வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கு. செக்கு எங்கே தொடங்கினாலும், நிறுத்துவதற்கு இரண்டு பக்கமும் பிடி இருக்கிறது.

நம் ஊரிலும் வழிகள் இல்லாமலில்லை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இலேயே மருத்துவர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கெனப் புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவுக்கே அது முன்னோடி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியும் வீட்டுக்கே வருகிறது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம். வீட்டிலிருந்து விம்கோ நகர் நிலையம் வரையிலான தொலைவுதான் பெரிது.

வின்ச்சுப் பெரியவருக்கு வீட்டுக்கு வந்த இயன்முறைப் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தது மிகச் சிறிய காரியம்: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மீண்டும் உட்காருவது. முதல் நாள் மூன்று முறை. மனநல மருத்துவர் தந்த மாத்திரையும் கூடவே நடந்தது. எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல யாராலும் இயலாது. சில மாதங்களில் பால் வாங்கும் வேலையை அவர் பேரனிடமிருந்து சண்டை போட்டுத் திரும்பப் பெற்றார். முழங்கால் வீக்கம் இன்னும் இருக்கிறது. "முடியல" என்றும் சொல்கிறார். முகம் மழித்துக்கொண்டு சொல்கிறார்.

ஸ்டான்லி மருத்துவமனையை எங்கள் ஆயாக்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். ஹைதர் அலி போரையொட்டிய பஞ்சத்தில், 1782இல், பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தின் நினைவு அந்தப் பெயரில் ஒட்டியிருக்கிறது. அந்தச் சத்திரம் பின்னாளில் ஆதரவற்ற முதியோருக்கு இல்லமாயிற்று. பெற்றோரைப் பேணுவதற்கு நம் வழக்கில் உள்ள சொல்லும் கஞ்சி ஊற்றுவதுதான். இருநூற்று நாற்பது ஆண்டுகளாக இந்தப் பகுதி அந்தக் கடமையைத் தன்னால் இயன்றவரை செய்துதான் வந்திருக்கிறது. கஞ்சியோடு இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டும்: காலுக்கு ஒரு வேலை, காதுக்கு ஒரு மனிதக் குரல்.

அடுத்தமுறை வாசற்படியிலிருந்து அந்தச் சொல் வரும்போது, வயதைக் காரணம் காட்டி நகராமல், பக்கத்தில் உட்கார்ந்து "என்ன முடியல?" என்று கேட்டுப் பார்க்கலாம். படியேற முடியவில்லை என்பார் ஒருவர். அதற்கு ஒரு கைப்பிடிக் கம்பி வேண்டும். தூங்க முடியவில்லை என்பார் இன்னொருவர்; அவரை மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். மூன்றாமவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, யாரும் இப்படிக் கேட்டதில்லை என்பார். அவரோடுதான் நெடுநேரம் உட்கார வேண்டியிருக்கும்.